சீசியம் லெட் புரோமைடு நானோபடிகம்: எந்த அளவுக்கு எந்த வழி?

சீசியம் லெட் (ஈயம்) புரோமைடு போன்ற பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிகக் கட்டமைப்பு) நானோபடிகம் செய்ய இறங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கேட்பது, "ஹாட் இஞ்செக்ஷனா (சூடான கரைசலில் ஊசியால் விடும் முறை), அறை வெப்பநிலை முறையா?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய படிகம் 7 நானோமீட்டருக்கு மேலா, கீழா?

ஒளி பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலெக்ட்ரானும் ஒரு துளையும் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) ஜோடியாகப் பிறக்கின்றன. சீசியம் லெட் புரோமைடில் அந்த ஜோடி இயல்பாகப் பரவி நிற்கும் விட்டம் சுமார் 7 நானோமீட்டர். படிகம் அதைவிடப் பெரிதாக இருந்தால் சுவர் இருப்பதே ஜோடிக்குப் பெரிதாகத் தெரியாது. 9 நானோமீட்டர் கனசதுரமும் 11 நானோமீட்டர் கனசதுரமும் ஏறக்குறைய ஒரே பச்சையில்தான் ஒளிரும், 510 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில். ஆனால் 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அரை நானோமீட்டர் குறைந்தாலும் நிறம் நீலத்தை நோக்கி நகரும். ஒரே குடுவையில் 4-ம் 5-ம் 6-ம் கலந்து கிடந்தால் ஒளிர்வுக் கோடு அகன்று, நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் நிற்கும்.

ஆகவே 7-க்கு மேலே அளவுக் கட்டுப்பாடு ஓர் ஆடம்பரம், கீழே அது கட்டாயம். எல்லா முறைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

முதலில் ஹாட் இஞ்செக்ஷன். சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் மாக்சிம் கோவலென்கோவின் குழு 2015-இல் வெளியிட்ட செய்முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான லேப்களில் அடிப்படை. லெட் புரோமைடு 0.188 மில்லிமோல், ஆக்டாடெசீன் 5 மில்லி. இரண்டையும் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வேக்குவத்தில் வைத்து ஈரத்தை எடுத்துவிட்டு, நைட்ரஜனுக்கு மாற்றி, ஓலேயிக் அமிலமும் ஓலைலமினும் தலா அரை மில்லி விட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்ததும் வெப்பத்தை 140-க்கும் 200-க்கும் இடையில் வேண்டிய இடத்துக்கு ஏற்றி, தனியாகக் காய்ச்சி வைத்த சீசியம் ஓலேயேட்டை 0.4 மில்லி சிரிஞ்சில் எடுத்து ஒரே அழுத்தில் உள்ளே விடுகிறோம். 5 வினாடி கழித்துக் குடுவை ஐஸ் தண்ணீருக்குள். அதிரசத்துக்குப் பாகு எடுப்பது போல, பதம் தாண்டினால் திரும்ப வராது.

சீசியம் ஓலேயேட் அறை வெப்பநிலையில் உறைந்துவிடும், அதனால் 100 டிகிரியில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். சிரிஞ்சின் ஊசி குளிர்ந்திருந்தால் உள்ளே போவதற்குள் கட்டி பிடிக்கும், போகிற அளவு குறைந்துவிடும். பாடப்புத்தகத்தில் இது பெரிய விஷயமாக வராது. ஒரே செய்முறை இரண்டு பேர் கையில் இரண்டு அளவு தருவதற்கு இது ஒரு காரணம்.

இந்த முறையில் அளவைத் தீர்மானிப்பது நேரம் அல்ல, வெப்பநிலை என்பது அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. 140-இலிருந்து 200 டிகிரி வரை போனால் 4-இலிருந்து 15 நானோமீட்டர் வரை கிடைக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காட்மியம் செலினைடு என்ற வேறொரு நானோபடிகம் செய்து பழகியவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி. அங்கே படிகம் நிமிடக்கணக்கில் வளரும். நடுநடுவே கொஞ்சம் எடுத்துப் பார்த்து, வேண்டிய நிறம் வந்ததும் நிறுத்தலாம். இங்கே பிணைப்பு பெரும்பாலும் அயனிப் பிணைப்பு. அயனிகள் சந்தித்த கணத்திலேயே கட்டமைப்பு உருவாகிவிடுகிறது. முதல் சில வினாடிகளில் வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிடும். கருக்கள் (படிகம் தொடங்கும் விதைகள்) ஒரே நேரத்தில் பிறக்க வேண்டும், பிறகு எல்லாம் சேர்ந்து வளர வேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒரே அளவில் வரும் என்று லாமெர் 1950-இல் சொன்ன கணக்கு இங்கே சரிப்படுவதில்லை. கருப்பிறப்பும் வளர்ச்சியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடக்கின்றன.

எனவே என் கருத்து இது: வெப்பநிலை ஒரு முரட்டுக் கருவி. 8 முதல் 11 நானோமீட்டர் கனசதுரம் வேண்டுமானால் அதைப்போல வசதியானது வேறில்லை. 170, 180 டிகிரியில் விட்டால் விளிம்பு கூர்மையாக, அளவு ஓரளவு ஒத்து, பளிச்சென்று வரும். ஆனால் அதே முறையில் வெப்பத்தை 140-க்கு இறக்கி 4 நானோமீட்டர் எடுக்கப் பார்த்தால், கனசதுரத்தோடு தட்டையான படிகங்களும் கலந்து வரத் தொடங்கும். இன்னும் இறக்கி 90–130 டிகிரிக்குப் போனால் தட்டைகளே முக்கிய விளைபொருள். பெர்க்லியில் அலிவிசாட்டோஸ் குழு 2015-இல் தட்டைகளை எடுத்ததே அந்த வெப்ப எல்லையில்தான். வெப்பநிலை அளவை மட்டும் மாற்றுவதில்லை, வடிவத்தையும் சேர்த்து மாற்றுகிறது. இரண்டையும் ஒரே திருகில் கட்டிப்போட்டிருப்பதுதான் இதன் கோளாறு.

இதற்கு நேர் எதிர் அறை வெப்பநிலை முறை. பெய்ஜிங்கில் ஹைசெங் சோங் குழு 2015-இல் மெத்திலமோனியம் லெட் ஹாலைடுக்கு (ஹாலைடு என்பது குளோரைடு, புரோமைடு, அயோடைடு) இதைக் காட்டியது. அடுத்த ஆண்டே நான்ஜிங்கில் ஹைபோ செங் குழு சீசியம் வகைக்கும் கொண்டுவந்தது. உப்புகளை டிஎம்எஃப் அல்லது டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் லிகண்டுகளோடு (மேற்பரப்பில் ஒட்டும் ஓலேயிக் அமிலம், ஓலைலமின் போன்றவை) கரைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டிருக்கும் டொலுவீனில் சொட்டினால் போதும். டொலுவீன் உப்பைத் தாங்காது, சில வினாடிகளில் பச்சை தெரியும். வேக்குவம் வேண்டாம், நைட்ரஜன் வேண்டாம், ஷ்லெங்க் லைன் (காற்றுப் படாமல் வேலை செய்யும் கண்ணாடிக் குழாய் அமைப்பு) வேண்டாம். காந்தக் கலக்கியும் யுவி டார்ச்சும் இருந்தால் கல்லூரி லேப்பிலேயே செய்துவிடலாம். அதிக அளவில் செய்வதும் எளிது.

அளவுக் கட்டுப்பாடு? சுமார்தான். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு செறிவு, குடுவையின் ஓரத்தில் வேறொரு செறிவு. அதைவிடப் பெரிய தொல்லை, உப்பைக் கரைத்த அதே டிஎம்எஃப் படிகத்தோடு குடுவையிலேயே கிடப்பது. பிறந்த படிகத்தை அது மெதுவாக அரிக்கிறது, சிறியதைக் கரைத்துப் பெரியதில் சேர்க்கிறது. காலையில் எடுத்த ஸ்பெக்ட்ரமும் மாலையில் எடுத்ததும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணமாக இருக்கும். உடனே சென்ட்ரிபியூஜ் செய்து பிரித்தாக வேண்டும். பச்சை நிறம் தெரிந்தால் போதும், பாலிமர் படலத்தில் கலந்து டிஸ்ப்ளேவுக்கான மாதிரி செய்யப் போகிறேன் என்பவருக்கு இது தாராளமாகப் போதும். 7-க்கு மேலே இருப்பவருக்கு அளவுப் பரவல் அவ்வளவு வலிக்காது என்று சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது.

அதே நேரம், வடிவத்தைப் பற்றி இந்த அறை வெப்பநிலை முறை சொல்லித் தந்த பாடம் பெரிது. 2016-இல் நான்ஜிங்கிலிருந்து வந்த மற்றொரு ஆய்வு, வெப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு அமிலத்தையும் அமினையும் மட்டும் மாற்றியது. ஹெக்சனோயிக் அமிலமும் ஆக்டைலமினும் போட்டால் உருண்டைப் புள்ளிகள். ஓலேயிக் அமிலமும் டோடெசைலமினும் போட்டால் கனசதுரங்கள். அசிட்டேட்டும் டோடெசைலமினும் போட்டால் குச்சிகள். ஓலேயிக் அமிலமும் ஆக்டைலமினும் போட்டால் சில அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகு) தடிமனுள்ள தட்டைகள். ஒரே உப்பு, ஒரே கரைப்பான், லிகண்ட் மட்டும் வேறு.

காரணத்தைத் தேடினால் படிகத்தின் மேற்பரப்புக்குப் போக வேண்டும். அமிலம் அமினுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது, அமின் அமோனியம் ஆகிறது. அந்த அமோனியத் தலை மேற்பரப்பில் சீசியம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சீசியத்துக்கும் அமோனியத்துக்கும் இடம் பிடிக்கும் போட்டி. அமோனியம் மிகுதியாக இருந்து, சூடு குறைவாக இருந்து, சீசியமும் தட்டுப்பாடாக இருந்தால், ஒரு திசையில் அடுக்கு சேர்வது நின்றுபோகும். பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து தட்டையாகிவிடும். குட்டையான அமின் இந்த வேலையை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்கிறது. மாறாக, சூடு ஏறினால் அமோனியம் மேற்பரப்பில் தங்காமல் கழன்று கழன்று போகும், எல்லாப் பக்கமும் சமமாக வளரும், கனசதுரம் வரும்.

அமிலத்தைக் குறைத்து அமினை மட்டும் ஏற்றினால் வேறொரு விபரீதம். லெட் புரோமைடை அமின் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. படிகத்துக்கு லெட் பற்றாமல், சீசியம் மிகுந்த வேறு சேர்மம் பிறக்கிறது: சீசியம் நான்கு, லெட் ஒன்று, புரோமின் ஆறு. அது நிறமற்றது. யுவி டார்ச் அடித்தால் பச்சை மங்கித் தெரியும், கரைசல் பால் போல இருக்கும். ஹாட் இஞ்செக்ஷன் செய்முறையில் லெட் 0.188 மில்லிமோல், சீசியமோ ஏறத்தாழ 0.05 மில்லிமோல்தான் என்பதைக் கவனியுங்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு லெட் மிகுதி. காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். "லெட் வீணாகிறதே" என்று அதைக் குறைக்கப் போனால் இந்த நிறமற்ற சேர்மத்தில்தான் போய் முட்ட வேண்டியிருக்கும். ஜெனோவாவில் லிபராட்டோ மன்னாவின் குழு 2018-இல் அமில-அமின் சமநிலையை ஒழுங்காக ஆராய்ந்து, அளவு, வடிவம், சேர்மம் மூன்றையும் அதை வைத்தே திருப்பலாம் என்று காட்டியது. வெப்பநிலைத் திருகைவிட இதை முதலில் கற்றுக்கொள்வது பலன் தரும்.

சரி, நீலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 460 நானோமீட்டரை ஒட்டி. மூன்று வழி இருக்கிறது. பச்சைக் கனசதுரத்தில் கொஞ்சம் குளோரைடைக் கலந்து அயனியை மாற்றுவது முதலாவது. நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அளவைத் தொடவே வேண்டாம். ஆனால் குளோரைடு கலந்த படிகங்களில் ஒளிர்வுத் திறன் (உறிஞ்சிய ஒளியில் திரும்ப வெளிவரும் பங்கு) பொதுவாகக் குறையும், எல்இடியில் மின்சாரம் பாயும்போது புரோமைடும் குளோரைடும் பிரிந்து நிறம் நகரும். சாதனம் செய்யும் எண்ணம் இருந்தால் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, தட்டை. தட்டையில் நிறத்தைத் தீர்மானிப்பது தடிமன் மட்டும். தடிமனோ முழு அடுக்குகளாகத்தான் கூடும், ஓர் அடுக்கு சுமார் 0.6 நானோமீட்டர். இரண்டரை அடுக்கு என்று ஒன்று கிடையாது. இதுதான் தட்டையின் அழகு. அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நிறம் அசையாது, ஏனென்றால் அந்தப் பக்கம் 7 நானோமீட்டரைத் தாண்டிய இடம். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஃபெல்ட்மன், உர்பன் ஆகியோரின் குழு 2018-இல் இரண்டு அடுக்கு முதல் ஆறு அடுக்கு வரை தனித்தனியாக எடுத்து, 432 முதல் 497 நானோமீட்டர் வரை நிறத்தைப் பிரித்துக் காட்டியது. அறை வெப்பநிலையில், டொலுவீனில் லிகண்டோடு கரைந்த லெட் புரோமைடில் சீசியம் ஓலேயேட்டைச் சேர்த்து, அசிட்டோன் ஊற்றிப் படிகத்தை உருவாக்குவதுதான் முறை. சீசியத்தைக் குறைத்தால் மெல்லிய தட்டை, கூட்டினால் தடித்த தட்டை. மேற்பரப்பு மிகுதி என்பதால் குறைபாடுகளும் மிகுதி. பிறகு லெட் புரோமைடு-லிகண்ட் கரைசலைச் சேர்த்து அவற்றை அடைத்ததும் ஒளிர்வுத் திறன் 73 சதவீதம் வரை ஏறியது.

குறை? தட்டைகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும், ஒட்டிக் கலந்து தடிக்கும், தடித்தால் பச்சைக்குப் போய்விடும். யுவி விளக்குக்கு அடியில் நெடுநேரம் வைப்பதும் ஆகாது.

மூன்றாவது, சிறிய புள்ளி, 4–5 நானோமீட்டர். இதை வெப்பநிலையால் எடுக்கும் முயற்சியை விட்டுவிடலாம் என்று மேலே சொன்னேன். மாற்று இரண்டு இருக்கின்றன, இரண்டும் அடிப்படையில் வெவ்வேறு எண்ணம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டோங் ஹீ சன் குழு 2018-இல் சொன்னது, வேகத்தோடு மல்லுக்கட்டாதே, சமநிலையைப் பயன்படுத்து என்பது. ஹாட் இஞ்செக்ஷனிலேயே துத்தநாக புரோமைடு சேர்த்துப் புரோமைடை மிகுதியாக்கினால், கரைசலுக்கும் படிகத்துக்கும் இடையே புரோமைடு சமநிலைக்கு வந்து நிற்கும் இடத்தில் படிகத்தின் அளவும் நிற்கிறது. புரோமைடு கூடக் கூட அளவு சிறுக்கும். 5 வினாடியா 15 வினாடியா என்ற பதற்றம் குறையும். ஷ்லெங்க் லைனும் பழகிய கையும் ஏற்கெனவே இருக்கிற லேப்புக்கு இதுதான் குறைந்த செலவில் பெரிய முன்னேற்றம், ஒரு புட்டி உப்பு வாங்கினால் போதும்.

மற்றது, வினையையே மெதுவாக்குவது. குவின்டன் அக்கர்மனும் கோவலென்கோ குழுவும் 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. லெட் புரோமைடை ட்ரைஆக்டைல்ஃபாஸ்பீன் ஆக்சைடில் கரைக்கிறார்கள். சீசியத்தை ஒரு ஃபாஸ்பினிக் அமிலத்தோடு சேர்த்து விடுகிறார்கள். அமினே கிடையாது. படிகத்துக்குத் தேவையான சிறு அலகுகள் உருவானாலும் அந்த ஆக்சைடு லெட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கரைசலில் அலகுகளின் செறிவு தாழ்ந்தே இருக்கிறது. அதனால் கரு பிறப்பதும் வளர்வதும் பிரிகின்றன, வளர்ச்சி 30 நிமிடம் வரை நீள்கிறது, அதுவும் அறை வெப்பநிலையில். காட்மியம் செலினைடுக்காரர்கள் போல, உறிஞ்சல் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். வேண்டிய இடத்தில் லெசித்தின் என்ற லிகண்டைச் சேர்த்தால் மேற்பரப்பு மூடிக்கொள்கிறது. 3 முதல் 13 நானோமீட்டர் வரை கிடைத்த படிகங்கள் கனசதுரமாக இல்லாமல் ஏறத்தாழ உருண்டையாக இருந்தன. உறிஞ்சல் ஸ்பெக்ட்ரத்தில் நான்கு சிகரம் வரை பிரிந்து தெரிந்தது. அளவுப் பரவல் அகலமாக இருந்தால் அந்தச் சிகரங்கள் ஒன்றோடொன்று கரைந்து வெறும் சரிவாகிவிடும். நான்கும் பிரிந்து நின்றதே அளவு எவ்வளவு ஒத்துப்போனது என்பதற்குச் சாட்சி.

இதன் விலை நீர்த்த கரைசல். நிறைய ஹெக்சேனில் கொஞ்சம் படிகம். ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்ற வைத்துத்தான் கையில் எடுக்க முடியும். கிராம் கணக்கில் வேண்டுபவருக்கு இது சரிவராது. ஒரு புள்ளியை மட்டும் பிடித்து ஒற்றை ஃபோட்டான் பார்ப்பவர், ஸ்பெக்ட்ரத்தின் கோடுகளை எண்ணுபவர், கோட்பாட்டோடு ஒப்பிடுபவர், இவர்களுக்கு இதை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்த வழியில் போனாலும் கழுவும்போது கவனம். ஓலேயிக் அமிலமும் ஓலைலமினும் மேற்பரப்பில் ஒட்டிக்கிடப்பதில்லை, வந்து வந்து போய்க்கொண்டிருக்கும். அசிட்டோனோ எத்தனாலோ தாராளமாக ஊற்றினால் லிகண்ட் எல்லாம் கழன்று, பாடுபட்டு எடுத்த 5 நானோமீட்டர் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி 10 ஆகிவிடும். செய்முறையில் கட்டுப்படுத்திய அளவை சென்ட்ரிபியூஜ் குழாயில் தொலைப்பது இப்படித்தான். மெத்தில் அசிட்டேட் அல்லது எத்தில் அசிட்டேட் மென்மையானவை. லெசித்தின் போன்ற ஸ்விட்டரயான் (நேர், எதிர் மின்சுமை இரண்டும் கொண்ட) வகை லிகண்டுகள் இரு முனையாலும் பிடித்துக்கொள்வதால் பல கழுவலைத் தாங்கும். அளவு ஆய்வுக்கு முக்கியம் என்றால் லிகண்டை மாற்றும் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

ஆக, பச்சை ஒளிர்வு மட்டும் வேண்டும், கருவிகள் குறைவு என்றால் அறை வெப்பநிலைச் சொட்டு முறை. படிக வடிவம் சீராக வேண்டும், டெம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுக்க வேண்டும், சூரியக்கலம் அல்லது சூப்பர்லாட்டிஸ் (நானோபடிகங்களை ஒழுங்காக அடுக்கிய அமைப்பு) செய்யப் போகிறேன் என்றால் 170–180 டிகிரி ஹாட் இஞ்செக்ஷன். நீல எல்இடி என்றால் மூன்று அடுக்குத் தட்டை, கூடவே லெட் புரோமைடு சிகிச்சை. 7-க்குக் கீழே உருண்டையாக, ஒரே அளவில் வேண்டுமென்றால் மெதுவான ஆக்சைடு முறை. அதற்கு வசதியில்லையென்றால் துத்தநாக புரோமைடு. எதற்கு என்று இன்னும் முடிவாகவில்லையா? ஹாட் இஞ்செக்ஷனில் தொடங்குங்கள். அதில் வரும் கோளாறுகள் மற்ற எல்லா முறைக்கும் பாடம்.

ஹாலைடை மாற்றினால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. குளோரைடில் எலெக்ட்ரான்-துளை ஜோடியின் விட்டம் சுமார் 5 நானோமீட்டர், அயோடைடில் சுமார் 12. லெட் குளோரைடு ஆக்டாடெசீனில் சுலபமாகக் கரையாது, ட்ரைஆக்டைல்ஃபாஸ்பீன் சேர்த்துக் கரைக்க வேண்டியிருக்கும். அயோடைடில் சாதாரணமாக எடுக்கும் 10 நானோமீட்டர் கனசதுரமே அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது, அதனால் அங்கே வெப்பநிலையை இன்னும் கவனத்தோடு பிடிக்க வேண்டும். அளவுக்கு இன்னொரு வேலையும் அங்கே உண்டு. பெரிய படிகமாக இருந்தால் அறை வெப்பநிலையில் கறுப்பு வடிவம் மஞ்சளாக மாறிப் பயனற்றுப் போகும். நானோ அளவில் கறுப்பு நிலைத்து நிற்கிறது. 2016-இல் அபிஷேக் ஸ்வர்ங்கரும் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினரும் 60 முதல் 185 டிகிரி வரை விட்டு 3.4 முதல் 12.5 நானோமீட்டர் வரை எடுத்தார்கள். மெத்தில் அசிட்டேட்டால் கழுவி, அதைக் கொண்டு 10 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள சூரியக்கலமும் செய்தார்கள். அயோடைடுக்குப் போகிறவர் நிறத்தை மறந்துவிட்டு, படிகம் கறுப்பாகவே நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.